ஆடத் தெரிந்த பிள்ளை ஆக்கவும் கற்கட்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மின்னியல் விளையாட்டுகளிலிருந்து நம் பிள்ளைகளைக் காப்பாற்றுவது எப்படி என்பது இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் கேள்வி. எனக்கு முன் பேசியவர்கள் கைப்பேசிக்கு நேரம் வரையறுப்பது பற்றியும், இரவில் அதை வாங்கி வைத்துவிடுவது பற்றியும், பிள்ளையைத் திடலுக்கு அனுப்புவது பற்றியும் சொன்னார்கள். மூன்றும் நல்ல யோசனைகளே. அவற்றில் எதையும் நான் மறுக்க வரவில்லை. ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. அதைப் பற்றி நம் சமுதாயத்தில் அதிகம் பேசப்படுவதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசி வழியாக வந்தது. தோட்டத்திலும் பட்டணத்திலும், அப்பாவின் கைப்பேசியோ அம்மாவின் கைப்பேசியோ பிள்ளையின் கைக்குப் போயிற்று. பள்ளிகள் திறந்தன, பாடங்கள் வகுப்பறைக்குத் திரும்பின. கைப்பேசி மட்டும் பல வீடுகளில் பெற்றோரின் கைக்கு முழுதாகத் திரும்பவில்லை. இது நம் எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

விளையாட்டுக்குள் போய்விட்ட பிள்ளையை வெளியே இழுக்க நாம் படாத பாடுபடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளையிடம், "இந்த விளையாட்டு உனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறதே, இதைப் போல ஒன்றை நீயே செய்ய முடியுமா?" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பான். பிறகு யோசிப்பான். அந்த யோசனையில்தான் பள்ளிக்கூடம் தொடங்குகிறது.

மின்னியல் விளையாட்டு ஒன்றைத் தானே உருவாக்கும் மாணவன் கணினியை மட்டும் கற்பதில்லை. கணிதம், அறிவியல், வரலாறு, மொழி, நன்னெறி என்று தனித்தனி ஏடுகளில் எழுதிவைத்த பாடங்கள் எல்லாம் ஒரே வேலைக்குள் வந்து சேருவதைக் காண்கிறான். அரைகுறையாகத் தெரிந்ததை முழுமையாகத் தெரிந்துகொள்ளாமல் அவனால் அடுத்த அடி வைக்க முடியாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை நம் கெடா மாநிலத்துக்கு ஏற்ற உதாரணங்களோடு விளக்குகிறேன்.

பரமபதத்தில் ஒளிந்திருக்கும் கணிதம்

நம் வீடுகளில் எல்லாரும் ஆடிய விளையாட்டு பரமபதம், அதாவது பாம்பும் ஏணியும். பத்து வயதுப் பிள்ளை அதைக் கணினியில் செய்ய நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் குழு உருவாக்கி, 2007ஆம் ஆண்டு வெளியிட்டது. கட்டளைகளை எழுத வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளை அடுக்குவது போல ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். பொம்மை நடக்கும், பேசும், குதிக்கும். பேசுவதைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

பரமபதப் பலகையில் நூறு கட்டங்கள். முதல் வரிசை இடமிருந்து வலம் போகிறது. இரண்டாம் வரிசை வலமிருந்து இடம் திரும்புகிறது. காய் 37ஆம் கட்டத்துக்குப் போக வேண்டும். நம் கண்ணுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். கணினிக்குத் தெரியாது. "37ஐக் கண்டுபிடி" என்றால் அது விழிக்கும்.

இப்போது பிள்ளை யோசிக்கிறது. 37இல் ஒன்றைக் கழித்தால் 36. அதைப் பத்தால் வகுத்தால் ஈவு 3, மீதி 6. ஈவு 3 என்றால் கீழே மூன்று வரிசைகள் நிரம்பிவிட்டன. காய் நான்காம் வரிசையில் இருக்கிறது. 3 ஒற்றைப்படை எண். ஆகவே அந்த வரிசை வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. மீதி 6 என்றால் வலக்கோடிக் கட்டத்திலிருந்து ஆறு கட்டம் இடப்பக்கம் நகர வேண்டும்.

மீதியோடு வகுத்தலை நாம் கற்றுக்கொடுக்கும்போது, "மீதி எதற்கு, ஐயா?" என்று பிள்ளை கேட்டால் பல நேரங்களில் நம்மிடம் நல்ல பதில் இருப்பதில்லை. இங்கே மீதி இல்லாமல் காய் நகராது. ஒற்றை எண், இரட்டை எண் என்று ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, அது எதற்குப் பயன்படுகிறது என்று அன்றுதான் தெரிகிறது. கணக்குத் தப்பானால் காய் பலகைக்கு வெளியே போய் நிற்கும். ஆசிரியர் சிவப்பு மையால் தப்புப் போட வேண்டியதில்லை. பிள்ளையே பார்த்து, பிள்ளையே திருத்தும்.

பகடைக்கு வருவோம். ஒரு பகடையில் ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்களுக்கும் சம வாய்ப்பு. இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டினால் அப்படி இல்லை. ஏழு வருவதற்கு ஆறு வழிகள் உண்டு; இரண்டு வருவதற்கு ஒரே வழிதான். ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டுமா, இழுக்க வேண்டுமா, பாம்பு எத்தனை, ஏணி எத்தனை என்று பிள்ளை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது, இடைநிலைப்பள்ளியில் வரப்போகும் நிகழ்தகவுப் பாடத்துக்கு விதை ஊன்றப்படுகிறது.

பால்மரத்தை விளையாட்டாக்கினால்

நேயர்களே, பரமபதம் எல்லா ஊருக்கும் பொது. நம் கெடாவுக்கே உரிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். பீடோங், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், கூலிம், கோல கெட்டில் என்று இந்த வட்டாரத்துத் தமிழர் குடும்பங்களைக் கேட்டால், ஒரு தலைமுறைக்கு முன்போ இரண்டு தலைமுறைக்கு முன்போ யாராவது ஒருவர் பால்மரம் வெட்டியிருப்பார். இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்துப் பிள்ளைகள் அடுக்குமாடிப் பிள்ளைகளாகிவிட்டார்கள். பாட்டி மட்டும் பழைய பேச்சோடு வீட்டில் இருக்கிறார்.

ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்கள் மூவர் சேர்ந்து, பால்வெட்டும் விளையாட்டு ஒன்றைச் செய்ய முனைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆடுபவர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போய், தன் நிரையில் உள்ள மரங்களை வெட்டி, பாலைச் சேகரித்து, ஸ்டோரில் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் செய்யத் தொடங்கினால் ஒவ்வோர் அடியிலும் ஒரு கேள்வி வழிமறிக்கும்.

முதல் கேள்வி: ஆட்டம் ஏன் இருட்டில் தொடங்க வேண்டும்? பத்து மணிக்குச் சாவகாசமாகப் போய் வெட்டினால் என்ன? பாட்டியைக் கேட்டால், "வெயில் ஏறினால் பால் இறங்காது" என்பார். அது அனுபவம். ஏன் இறங்காது என்பது அறிவியல். இரவில் இலைகள் அதிகமாக நீரை வெளியிடுவதில்லை. ஆகவே பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கிறது. விடியற்காலையில் கீறினால் பால் விரைந்து வழிகிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன. குழாயில் அழுத்தம் குறைகிறது. விளையாட்டில் மணி கூடும்போது பால் குறைய வேண்டும் என்ற விதியைப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். நீராவிப்போக்கு என்று அறிவியல் நூலில் இருக்கும் சொல், பாட்டி ஏன் நான்கு மணிக்கு எழுந்தார் என்பதற்கு விடையாகிவிடுகிறது.

இரண்டாம் கேள்வி: எப்படி வெட்டுவது? வெட்டு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகை சாய்ந்து இருக்க வேண்டும். பால் குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அவற்றுக்கு எதிர்ச்சாய்வாக வெட்டினால் அதிகமான குழாய்கள் திறக்கும். இங்கே கோணமானி வெளியே வருகிறது. படிவம் மூன்று மாணவர்களாக இருந்தால் இன்னும் ஓர் அடி போகலாம். மரத்தின் சுற்றளவு 50 செ.மீ. ஆனதும் வெட்டத் தொடங்கலாம் என்பது தோட்டத்து வழக்கம். பாதிச் சுற்று 25 செ.மீ. அதை 30 பாகை சாய்த்து வெட்டினால் கீறலின் நீளம் 25 செ.மீ. அல்ல, ஏறக்குறைய 29 செ.மீ. கோசைன் என்றால் என்ன என்று பாடநூலில் முக்கோணம் வரைந்து காட்டுகிறோம். அந்த முக்கோணம் பாட்டி வெட்டிய பட்டையில் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறது.

மூன்றாம் கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இந்த விளையாட்டில் வெற்றி என்பது எது? அதிகப் பால் சேர்ப்பவருக்கே புள்ளி என்று பிள்ளைகள் முதலில் விதி வைப்பார்கள். அப்படியானால் ஆடுபவர் என்ன செய்வார்? ஆழமாக வெட்டுவார். ஆழமாக வெட்டினால் பட்டைக்கு உள்ளே மரம் வளரும் மென்மையான அடுக்கு காயப்படும். காயம் ஆறும்போது பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. இன்றைய வாளி நிறையும். நாளைய மரம் கெடும். இதையும் விளையாட்டில் சேர்க்க வேண்டும் என்றால், ஒவ்வொரு மரத்துக்கும் அதன் நலத்தைக் குறிக்கும் ஓர் எண்ணைப் பிள்ளைகள் வைக்க வேண்டும். அது குறையும்போது பால் எவ்வளவு குறையும், ஓய்வு கொடுத்தால் எவ்வளவு தேறும் என்று முடிவு செய்ய வேண்டும். பேராசை கூடாது என்று நன்னெறிக் கல்வியில் நூறு முறை எழுதுவதைவிட, பேராசைப்பட்டால் பத்தாம் நாள் என்ன ஆகும் என்பதற்குத் தானே விதி எழுதும் பிள்ளைக்கு அது ஆழமாகப் பதியும்.

அடுத்தது மழை. வெட்டுப்பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். விளையாட்டில் மழை எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும்? மழை நாளில் கூலி உண்டா, இல்லையா? இல்லை என்று விதி வைத்தால், அந்த வாரம் அரிசிக்குப் பணம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விகளைப் பிள்ளைகள் பாட்டியிடம் கேட்கப் போவார்கள். பாட்டி சொல்லும் பதில் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஒரு குடும்பம் எப்படிக் கடனில் விழுந்தது, அம்மாவுக்குக் கைகொடுக்கப் பிள்ளை ஏன் பள்ளிக்கு மட்டம் போட்டது, ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வெட்டுக்காட்டுக்குப் போன தாய் எப்படிப் போயிருப்பாள் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

மொழிப் பாடமும் கூடவே வருகிறது. மங்கு, காண்டா, ஒட்டுப்பால், பிரட்டு, நிரை, கிராணி, கித்தா என்று தோட்டத்துத் தமிழில் இருந்த சொற்கள் இன்றைய பிள்ளைக்குத் தெரியாது. விளையாட்டில் அந்தப் பொருள்கள் வர வேண்டும் என்றால் அவற்றின் பெயர் வேண்டும். பெயருக்கு விளக்கம் வேண்டும். சிறியதோர் அருஞ்சொற்பொருள் பட்டியல் தானாக உருவாகிவிடும். ஆடுபவருக்குத் தரும் குறிப்பும் அப்படித்தான். நீளமாக எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். சுருக்கமாக எழுதினால் புரிய வேண்டும். குழப்பமில்லாத ஒரே வாக்கியத்தில் ஒரு செயலை விளக்குவது எவ்வளவு சிரமம் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்துத் தேசியப் பள்ளி நண்பனும் ஆட வேண்டும் என்றால் அதையே மலாயில் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பும் அங்கே ஒரு பாடமாகிறது.

இந்த மரம் இங்கே எப்படி வந்தது என்று கேட்டால் வரலாறு. பிரேசிலிலிருந்து 1876இல் இங்கிலாந்துக்கு விதைகள் கொண்டுபோகப்பட்டன. அங்கே முளைத்த நாற்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. மரம் ஒரு கண்டத்திலிருந்து வந்தது. அதை வெட்ட நம் மூதாதையர் இன்னொரு நாட்டிலிருந்து வந்தார்கள். இரண்டும் சந்தித்த இடம் இந்த மண். விளையாட்டின் முதல் காட்சியில் இதை மூன்று வரியில் சொல்ல வேண்டுமானால், பிள்ளை முப்பது பக்கமாவது படித்திருக்க வேண்டும்.

பாஸ்டன் நகரத்துப் பிள்ளைகள் செய்து காட்டியது

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் நடக்குமா என்று சிலர் நினைக்கலாம். நடந்திருக்கிறது. அதுவும் ஸ்கிராட்ச் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

எம்.ஐ.டி.யில் சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர் இருந்தார். பிள்ளைகளுக்கென்றே 1967இல் உருவான லோகோ என்ற கணினி மொழியின் கர்த்தாக்களில் ஒருவர். கணினி பிள்ளைக்குப் பாடம் நடத்தக்கூடாது, பிள்ளைதான் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவருடைய மாணவியான இடிட் ஹரேல், பாஸ்டன் நகர அரசுப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தார். உங்களுக்குக் கீழ் வகுப்புத் தம்பி தங்கைகளுக்குப் பின்னம் கற்பிக்க ஒரு மென்பொருள் செய்யுங்கள் என்றார். அந்த ஆய்வு 1991இல் நூலாக வந்தது. அதைத் தொடர்ந்து யாஸ்மின் கஃபாய், அதே பின்னத்தை மின்னியல் விளையாட்டாகவே செய்யும் பொறுப்பைப் பதினாறு பிள்ளைகளிடம் கொடுத்து, ஏறக்குறைய ஆறு மாதம் உடனிருந்து கவனித்தார். அது 1995இல் நூலானது.

ஹரேலின் ஆய்வில் ஒரு சிறுமியைப் பற்றி வருகிறது. தொடக்கத்தில் அவளுக்குப் பின்னம் என்றால் வட்டத்தில் நிழலிட்ட ஒரு துண்டு, அவ்வளவுதான். பிறருக்குக் கற்பிக்க வேண்டிய நிலை வந்ததும் யோசித்தாள். வீடு ஒன்றை வரைந்தாள், சூரியனை வரைந்தாள், வண்டியை வரைந்தாள். ஒவ்வொன்றிலும் பாதியை நிழலிட்டாள். பின்னம் பாடநூலில் மட்டும் இல்லை, நாம் பார்க்கும் இடமெல்லாம் இருக்கிறது என்பதைத் தானே கண்டுபிடித்து, அதையே தன் மென்பொருளின் பாடமாக வைத்தாள். அந்த வகுப்புப் பிள்ளைகள், வழக்கமான முறையில் படித்த வகுப்புகளைவிடப் பின்னத்திலும் கணினி மொழியிலும் நன்றாகத் தேறினார்கள் என்பது ஆய்வின் முடிவு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காகச் செய்யவில்லை. கீழ் வகுப்புப் பிள்ளை ஒன்று உட்கார்ந்து ஆடப்போகிறது. அதற்குப் புரிய வேண்டும் என்ற பொறுப்புக்காகச் செய்தார்கள். தனக்குத் தெரிந்தால் போதாது, பிறருக்குப் புரியும்படி தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலை வரும்போது படிப்பின் ஆழமே மாறிவிடுகிறது.

கடாரத்துக் கேள்வி

நம் மாநிலத்தில் இன்னொரு புதையல் இருக்கிறது. குனோங் ஜெராய் அடிவாரத்தில், மெர்போக் அருகே உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு. புக்கிட் பத்து பஹாட் சண்டி, தொல்பொருள் அரும்பொருளகம், சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தெடுத்த இரும்பு உருக்கும் தளங்கள் எல்லாம் அங்கே உண்டு. நம் பள்ளிகள் பேருந்து எடுத்துப் போகின்றன. பிள்ளைகள் படியில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள்.

அந்தப் பயணத்துக்கு முன்பே, கடாரத்துக்கு வரும் வணிகக் கப்பலைப் பற்றி ஒரு விளையாட்டு செய்யப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். அதே பிள்ளைகள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் எந்த மாதம் புறப்பட வேண்டும்? தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்ப வேண்டும். காற்று மாறும்வரை வணிகர் இங்கே தங்கியாக வேண்டும். தங்கினால் வீடு வேண்டும், உணவு வேண்டும், வழிபாட்டுக்கு இடம் வேண்டும். அங்கே ஏன் சண்டிகள் எழுந்தன என்பது அப்போது புரியத் தொடங்குகிறது. கடலிலிருந்து வருபவனுக்கு முதலில் தெரியும் அடையாளம் எது? ஜெராய் மலை. அதைத் திரையில் எங்கே வரைவது என்று யோசிக்கும் பிள்ளை, அந்த மலையை இனி வெறும் மலையாகப் பார்க்காது.

இதைவிடக் கடினமான கேள்வியும் வரும். 1025இல் ராஜேந்திர சோழனின் படை கடாரத்தைத் தாக்கியது. இதை விளையாட்டாக்கினால், ஆடுபவர் யார் பக்கத்தில் நிற்பார்? படையெடுத்து வந்த கப்பலிலா, கரையில் நின்று அதைப் பார்த்த ஊரிலா? நாம் தமிழர், சோழனைப் பற்றிப் பெருமைப்படுகிறோம். அதே நேரத்தில் நாம் கெடாக்காரர்களும்கூட. தாக்கப்பட்ட ஊர் நம்முடைய ஊர். ஒரு பதினொரு வயதுப் பிள்ளை இதைப் பற்றி நண்பர்களோடு வாதாடி ஒரு முடிவுக்கு வருமானால், ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் பத்து மாணவர்களைவிட அது வரலாற்றை நன்றாகக் கற்றுவிட்டது என்பேன்.

இட்லித் தட்டில் ஒரு தமிழ்க் கதை

நம் மொழியும் நம் வீடும் உலகத் தரத்து விளையாட்டுக்குப் பொருளாகுமா என்று ஐயப்படுவோருக்கு ஒரு சான்று. 2023ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் கனடாவின் டொரோண்டோவிலிருந்து ஒரு மின்னியல் விளையாட்டு வந்தது. பெயர் 'வெண்பா'. சென்னையில் பிறந்து கனடாவில் வளர்ந்த அபி என்ற இளைஞரின் விசை கேம்ஸ் நிறுவனம் செய்தது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதியின் கதை அது. துப்பாக்கி இல்லை, ஓட்டப்பந்தயம் இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு சிதைந்துவிட்டது. விட்டுப்போன குறிப்பை யோசித்துக் கண்டுபிடித்து, இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். இடையே மகன் தமிழை விட்டு விலகிப் போகிறான், அம்மா தவிக்கிறாள். இந்த எளிய விளையாட்டு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை வென்றது.

அந்த விளையாட்டைச் செய்தவர்கள் சமையலைக் கவனித்தார்கள், மொழியைக் கவனித்தார்கள், ஒரு தாயின் மனத்தைக் கவனித்தார்கள். தங்கள் வீட்டிலேயே அவ்வளவு பொருள் இருக்கிறது என்று நம்பினார்கள். கெடாத் தோட்டத்துப் பாட்டியின் கதை அதற்கு எந்த விதத்தில் குறைந்தது?

தடைகள் என்னென்ன?

சரி, நடைமுறைக்கு வருவோம். முதல் தடையாகத் தேர்வைச் சொல்வோம். நம் பெற்றோர்கள், "இதெல்லாம் யூ.பி.எஸ்.ஆரில் வருமா?" என்று கேட்டுப் பழகியவர்கள். யூ.பி.எஸ்.ஆர். 2021இல் ரத்து செய்யப்பட்டது. 2022இல் பி.டி.3 தேர்வும் எடுக்கப்பட்டது. தேர்வு போனதும் படிப்பே போய்விட்டது என்று வருந்துவோர் பலர். வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் தேர்வு இல்லாத இடத்தில் எதை வைப்பது என்பதை நாம் முடிவு செய்யாவிட்டால், அந்த இடத்தைக் கைப்பேசி நிரப்பிக்கொள்ளும். கணினியச் சிந்தனை 2017இலேயே பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. அதே ஆண்டு படிவம் ஒன்றில் அடிப்படைக் கணினி அறிவியல் பாடமும் தொடங்கியது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே போக வேண்டியது நாம்தான்.

இரண்டாவது தடை கணினி. சிறிய தோட்டப் பள்ளிகளில் எல்லாருக்கும் ஒரு கணினி கிடைக்காது. தேவையும் இல்லை. மூன்று பேருக்கு ஒன்று இருந்தால் பேச்சும் வாதமும் அதிகமாகும், அது நல்லதே. ஸ்கிராட்ச் மென்பொருளைப் பதிவிறக்கம் செய்துவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் வேலையை அட்டையிலும் தாளிலும் தொடங்க வேண்டும். விதிகளை எழுதி, பொத்தானையும் புளியங்கொட்டையையும் காயாக வைத்து ஆடிப் பார்த்த பிறகே கணினிக்குப் போக வேண்டும். பல்லாங்குழிக்கும் சொங்காக்குக்கும் என்ன வேறுபாடு என்று இரண்டையும் ஆடிப் பார்த்து எழுதச் சொன்னாலே முதல் மாதப் பாடம் முடிந்துவிடும்.

மூன்றாவது தடை நேரம். கட்டுப்பாடில்லாமல் விட்டால் பிள்ளைகள் பொம்மைக்கு நிறம் பூசுவதிலும் சத்தம் சேர்ப்பதிலும் வாரக்கணக்கில் மூழ்கிவிடுவார்கள். வேறொருவர் செய்ததை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றவும் பார்ப்பார்கள். ஆசிரியரின் கண் அங்கே தேவை. அதே போல எல்லாவற்றையும் விளையாட்டாலேயே கற்பித்துவிட முடியும் என்றும் நான் சொல்லவில்லை. வாய்பாட்டை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். குறளை ஓதத்தான் வேண்டும். அழகாக எழுதக் கைப்பழக்கம் வேண்டும். ஆனால் இப்படித் தனித்தனியாகக் கற்றவை ஒன்றோடொன்று கைகோக்கும் இடம் ஒன்று வேண்டுமல்லவா? இன்றைய பள்ளி நாளில் அந்த இடம் பெரும்பாலும் இல்லை. மணி அடித்தால் கணிதம் முடிகிறது, அறிவியல் தொடங்குகிறது.

நாளையே தொடங்கக்கூடியது

ஆகவே தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும், முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் உழைக்கிறீர்கள். அதோடு ஒரு தவணைக்கு ஒரு விளையாட்டு என்ற சிறு முயற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறாம் ஆண்டு மாணவர்கள் மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்காகச் செய்யட்டும். பொருள் தங்கள் ஊரிலிருந்தும் தங்கள் வீட்டிலிருந்தும் வரட்டும். முடிந்த அன்று, செய்தவர்கள் வாய் திறக்காமல் ஓரமாக நிற்க வேண்டும். சிறிய பிள்ளை ஆடட்டும். எங்கே விழித்தது, எங்கே சிரித்தது, எங்கே பாதியில் எழுந்து போனது என்று குறித்துக்கொண்டு வந்து திருத்தட்டும். அதைவிட நேர்மையான தேர்வு இல்லை.

பெற்றோர்களே, உங்களுக்குக் கணினி தெரியாமல் இருக்கலாம். அது குறையே அல்ல. பிள்ளை செய்ததைக் காட்டும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த விதியை ஏன் வைத்தாய்? இது உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும்? தோற்றவன் மறுபடி ஆட விரும்புவானா? முதல் கேள்வி கணிதத்துக்கு, இரண்டாவது அறிவியலுக்கும் வரலாற்றுக்கும், மூன்றாவது மனிதத்தன்மைக்கு. இந்தக் கேள்விகளைக் கேட்கப் பட்டப்படிப்பு தேவையில்லை.

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் தொடங்கியது. தோட்டத்திலிருந்து வெளியேறிய பல குடும்பங்களுக்கு அங்கும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிலும் வேலை கிடைத்தது, அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் படித்தார்கள். அதற்காக நாம் நன்றி பாராட்ட வேண்டும். நம் தாத்தாக்கள் வேறொருவர் வகுத்த நிரையில் மரம் வெட்டினார்கள். நம் அப்பாக்களும் அம்மாக்களும் வேறொருவர் வடிவமைத்த இயந்திரத்தின் முன் நின்றார்கள். நம் பிள்ளைகள் வேறொருவர் எழுதிய விளையாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். விதியை எழுதும் நாற்காலியிலும் நம் பிள்ளை ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும். அவன் பெரியவனாகி விளையாட்டு செய்யும் நிறுவனத்துக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. ஒரு விதி என்பது யாரோ ஒருவர் ஏதோ காரணத்துக்காக எழுதியது, அதைக் கேள்வி கேட்கலாம், தேவையானால் மாற்றியும் எழுதலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால் போதும்.

இதைத் தள்ளிப்போட நேரமில்லை. பால் ஏன் விடியலில் இறங்குகிறது, காண்டா தோளில் எங்கே அழுத்தும், மழை நாளில் லயத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் உங்கள் பிள்ளையை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பாட்டியின் பக்கத்தில் உட்கார வையுங்கள். கணினி அதற்குப் பிறகு வரட்டும்.